ஒன்பதாவது பாகம் வந்த அன்னிக்கு

விமலாக்கா பெட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க பிரான்ஸ் சோப்பு வாசனை... உள்ள அம்மா சங்கரா மீன் வறுத்துட்டு இருந்துச்சு. காலையில வைத்திக்குப்பம் போய் அதுவே பாத்து வாங்கிட்டு வந்த மீன்.

2008 கடைசி. நான் அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவை பிரெஞ்ச் நேஷனாலிட்டி இருக்கற பாண்டி மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்து, பிரான்ஸுக்கு அனுப்பி நாலு வருஷம். அதுக்கப்புறம் ஊருக்கு வர்றது அதான் மொத தடவை.

தனியாத்தான் வந்துச்சு. "மாமாவுக்கு லீவு கிடைக்கல"ன்னு சொல்லிச்சு. நம்பிட்டோம்.

துணிக்கு அடியிலேர்ந்து ஒரு கேம் மெஷினை எடுத்துச்சு. "டேய், நம்ம ரோபோ கேம்ல ஒன்பதாவது பாகம் வந்துடுச்சுடா."

சின்ன வயசுல, பழைய கருவடிக்குப்பம் வீட்ல கேசட்டை ஊதி ஊதிப் போட்டு நாங்க ரெண்டு பேரும் ஆடுன கேம் அது. எதிர்காலத்துல நடக்கற கதை. ஒரு குட்டி ரோபோ மேடைக்கு மேடை தாவி சுட்டுகிட்டே போவும். ரவுண்டு கடைசியில ஒரு பெரிய ரோபோ வழிய மறிச்சு நிக்கும். நான் பாதியிலயே பள்ளத்துல விழுந்துடுவேன். அக்காதான் கடைசி வரைக்கும் கொண்டு போவும்... அப்புறம் வருஷக்கணக்கா அடுத்த பாகமே வரல.

சாப்டுட்டு டிவில மாட்டினோம்.

படம் வந்ததும் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்துட்டோம். புது கேம்னா சினிமா மாதிரி இருக்கும்னு நெனச்சோம். இது அதே கட்டம் கட்டமான பழைய படம், அதே கீச்சு கீச்சு மியூசிக். மெஷின் ரிப்பேரோன்னு ஒயரைக் கழட்டி மாட்டிப் பாத்தேன். இல்ல... வேணும்னே பழைய மாதிரி செஞ்சிருக்கானுங்க.

அக்கா சிரிச்சுது. ஊருக்கு வந்த பிறகு அப்பதான் சிரிச்சுது.

மாத்தி மாத்தி ஆடினோம். எனக்கு எல்லாம் மறந்து போச்சு. அக்கா விரல் எதையும் மறக்கல. பெரிய ரோபோ வந்து நின்ன நேரம், டிவிலேர்ந்து கண்ணை எடுக்காம அக்கா சொல்லிச்சு.

"நான் திரும்பிப் போவ மாட்டேன்டா."

"எங்க?"

"பிரான்ஸுக்கு. அவரு அடிக்கிறாரு... போன வருஷம் கை ஒடிஞ்சுது."

ஞாயித்துக்கிழமையானா ஃபோன்ல "நல்லா இருக்கேன்டா"ன்னு சொல்ற இதே குரல்... ஒருநாள் கூட சந்தேகம் வரலியே.

அக்கா நிறுத்தாம ஆடி, அந்த ரோபோவை முடிச்சிட்டுத்தான் கையில இருந்த கேம் ரிமோட்டைக் கீழ வெச்சுது.

"அம்மாகிட்ட நீ சொல்றியா? என்னால முடியல."

போய்ச் சொன்னேன். அம்மா நேரா வந்து அக்காவோட ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, பீரோல வெச்சுப் பூட்டுச்சு. "யாரு கேட்டாலும் எங்கிட்ட வந்து பேசச் சொல்லு"ன்னுச்சு. அவ்வளவுதான்.

அக்கா இப்ப பாண்டிலயே பிரெஞ்ச் டீச்சர். நல்லா இருக்கு... இப்ப நெஜமாவே.

இன்னிக்கு எந்த கேம் வர்றதா இருந்தாலும் முன்னாடியே ட்ரெய்லர்ல எல்லாம் தெரிஞ்சிடுது, அன்னிக்கு மாதிரி அசந்து போய் உக்கார வழியில்ல. நான் வேலைக்காக வெளியூர்ல இருந்தாலும், நானும் அக்காவும் தினம் வாட்ஸப்ல பேசிக்கிறோம், முகம் பாத்தும் பேசறோம்.

ஆனா பக்கத்துல பக்கத்துல உக்காந்து, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம, சொல்ல முடியாததைச் சொல்லிக்கிற மாதிரி ஒரு மத்தியானம்... அது அப்புறம் அமையவே இல்ல.