வெல்டரின் நண்டு

உட்காருவதற்கு முன் வெல்டர் ஸ்டூலை ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பார். ஆடினால் உட்கார மாட்டார். என் பஞ்சர் கடையில் இருக்கிற ஸ்டூல் ஒன்றுகூட அந்தப் பரீட்சையில் தேறவில்லை. அதனால் வந்தால் பழைய டிராக்டர் டயர்மேல்தான் உட்காருவார், நடுவில் ஒரு ஆடு படுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் காலைப் பரப்பிக்கொண்டு. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் வரிசையாக நின்ற பைக்குகளில் முதலாவதை விரலால் தள்ளினார். கடைசி பைக் விழுந்து முடிகிறவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, ஓடிவந்த மருந்துக்கடைக்காரரிடம், "பாத்தீங்களா, எதுக்குமே அகலம் பத்தல" என்றார். உதை வாங்காமல் அவரை இழுத்து வந்தது நான்.

அவர் கடை என் கடைக்கு எதிரே. கேட், ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்வார். புருவம் பொசுங்கிப் பொசுங்கி இப்போது பேருக்குத்தான் இருக்கிறது. கைவேலையில் குறை சொல்ல வாயே வராது. எங்கள் தெரு கேட் எல்லாம் அவர் அடித்ததுதான். புத்தி மட்டும் கொஞ்ச காலமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காரணம் அவருடைய நாலு சக்கர பைக். பைக் மாதிரி கைப்பிடி, ஜீப் மாதிரி தடித்த டயர். கடற்கரை ஓட்டல்களில் விருந்தாளிகள் மணலில் ஓட்டி விளையாடுவார்களே, அது. பழசென்று ஓரங்கட்டியதை வாங்கி வந்து ஓடவைத்து, மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தினமும் துணிக்கடையில் விடுவார். அந்தம்மாவுக்கு அங்கே பில் போடுகிற வேலை. வண்டி உயரம் அதிகம், காலூன்றி நிற்கிற அகலம் குறைவு. ஒருநாள் வளைவில் சடக்கென்று ஒடித்தார். வண்டி சாய்ந்து அந்தம்மாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டது. கையில் மாவுக்கட்டு. இவருக்கு ஒரு கீறல் இல்லை, அதுதான் இன்னும் தப்பாகப் போயிற்று.

கட்டுப் பிரித்த அன்றைக்கு அந்தம்மா சொன்னது ஒரே பேச்சு: "இனிமே உங்க வண்டில நான் ஏறமாட்டேன்." மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோ.

"மூணு சக்கரத்துல போறாண்ணே," என்று என்னிடம் வந்து புலம்பினார். "மூணு. நாலு சக்கரத்த நம்ப மாட்டேங்கிறா."

அவளை மறுபடி பின் சீட்டில் ஏற்ற வேண்டும். அன்றிலிருந்து அந்த மனுஷனுக்கு வேறு எண்ணமே கிடையாது.

முதலில் இடது பக்கச் சக்கரங்களைக் கழற்றி, திருப்பாமல் அப்படியே வலது பக்கம் மாட்டினார்; வலதை இடதுக்கு. சக்கரத்தில் போல்ட் மாட்டுகிற தகடு நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருப்பதால், இப்படி மாற்றினால் டயர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் காற்றடிக்கிற வால்வும் உள்பக்கம் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த வண்டிக்குக் காற்றடிக்க நான் மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைய வேண்டும். வெளியே வரும்போது என் மனைவிக்கே என்னை அடையாளம் தெரியாது.

அது போதவில்லை. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தடித்த இரும்பு வட்டு வைத்தார். அதுவும் போதவில்லை. ரிம்மை வட்டமாக அறுத்து, நடுவில் பட்டை கொடுத்து ஒட்டினார். சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே போனதால், ரோட்டில் உள்ள சேறு முழுக்க ஓட்டுகிறவர் தலையில் விழுந்தது. அதற்கும் மசியவில்லை, வெயில் காலத்திலும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். பாரம் தாங்காமல் பேரிங் பூனைக்குட்டி மாதிரி கத்தியது. கடைசியில் வண்டியின் நீளத்தை அகலம் மிஞ்சிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் எதிரே வருகிறதா, குறுக்கே போகிறதா என்று புரியாது. தெருவில் எல்லோரும் நண்டு என்றார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நண்டு என்னைக்காவது கவுந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை.

பிறகு வண்டி அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை. கேட்டை அறுத்து அகலமாக்கினார். வண்டி வெளியே வந்தது, அவர் வீட்டுச் சந்து கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய், "உங்க காம்பவுண்ட கொஞ்சம் உள்ள தள்ளிக்கட்டுங்களேன், புதுக் கேட் சும்மா அடிச்சுத் தரேன்" என்று கேட்டார். ரிட்டையர்டு வாத்தியார் மட்டும் ஒரு நிமிடம் யோசித்தார். அவர் மனைவி உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். கடைசியில் சக்கரங்களைக் கழற்றி, ஆள் வைத்துத் தூக்கிவந்து மாட்டினார். அன்றிலிருந்து நண்டுக்கு மெயின் ரோட்டில்தான் இருப்பிடம், என் கடை ஓரமாக.

இந்த நேரத்தில்தான் அவர் மச்சினன் வந்து கல்லைப் போட்டான். அக்காவுக்கு ஸ்கூட்டர் எடுத்துத் தருகிறானாம். "திங்கக்கிழமை வண்டி வந்துரும் மாமா. ஒரு வாரத்துல அக்கா பழகிக்கும். அப்பறம் யார் தயவும் வேணாம்."

வெல்டர் என் கடைக்கு வந்தார். சாவுச் செய்தி சொல்ல வந்தவர் மாதிரி முகம். "ரெண்டு சக்கரம்ணே. ஸ்டாண்டு போடலன்னா தானா நிக்கக்கூட தெரியாது. அதுல போயி பழகிட்டான்னா என் பின்னாடி எதுக்கு உக்காரப்போறா?"

ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலி மைதானத்தில் பரீட்சை வைத்தார். அந்தம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள், மச்சினனும் கூட. "பாக்கத்தான் வந்தேன். ஏறமாட்டேன், சொல்லிட்டேன்."

வெல்டர் மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் இருந்த மண்மேட்டில் குறுக்காக ஏற்றினார். ஒரு பக்கச் சக்கரம் மேலே, ஒரு பக்கம் கீழே. ஆள் சரிந்து தொங்கினார், வண்டி சாயவில்லை. மைதானத்துச் சேற்றில் வேகமாக வட்டமடித்தார். சாயவில்லை. மச்சினன் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அவன் செருப்புதான் பிய்ந்தது.

"கவுரல, சரி," என்றாள் அந்தம்மா. "நம்ம வாசலுக்கு வருமா?"

"அது வராது. நீ மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்துரு. அங்கேருந்து நான் ஏத்திக்கறேன்."

"மெயின் ரோட்டுலேருந்து பாத்தா என் கடை போர்டு தெரியுது."

அவர் மழைக்கோட்டிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. மச்சினன் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தான். அந்தம்மா புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"நாளைக்கு ஏத்திக்கிட்டு போங்க. வந்து தொலைக்கிறேன்," என்றாள். "அந்தக் கோட்ட மட்டும் கழட்டிட்டு வாங்க. கடையில என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

திங்கட்கிழமை காலை என் கடை வாசலில் ஏறினாள். ஈரம் இல்லாத ரோடு, மேடு பள்ளம் கிடையாது, ஒரு திருப்பம்கூட இல்லை. பின் சீட்டில் நேராக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "போலாம்" என்றாள். அவர் முன்னால் ஏறினார். எஞ்சினை முடுக்கினார். பிறகு என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டார்.

அவ்வளவு அகலமாக்கி வைத்ததில் வண்டியின் உடம்பை ஒட்டி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஒரு ஆள் நிற்க இடம் உண்டாகியிருந்தது. அதற்குள் புகுந்துகொண்டார். வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, கட்டை விரலால் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினார். நண்டு நகர்ந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. "மாமா, ஏறி உக்காருங்க," என்று புது ஸ்கூட்டரில் இருந்து மச்சினன் கத்தினான். வெல்டர் காதில் அது விழவில்லை. ரோட்டைப் பார்த்தபடி குட்டி குட்டியாக அடியெடுத்து வைத்து, இடது கையால் அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கூடவே நடந்தார்.