நிற்கத் தெரியாத பெட்டி

ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என் தம்பி மனைவி உட்கார்ந்திருப்பாள். ஏரிக்கரை ஊரான தோணிரேவில், எங்கள் வீட்டின் பின்பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். பொன்னேரியில் கணினி படித்துவிட்டு வாழவந்தவள். ஜாவா என்ற கணினி மொழியில் இணையச் செயலி கட்டுவதற்காக, வீடியோ பார்த்து ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கைக் கற்றுக்கொண்டிருந்தாள். “பொட்டி மேல பொட்டி வெச்சு இன்னா விக்கிற?” என்று தம்பி சீண்டுவான். “உன்னத்தான். கேக்க ஆளில்ல” என்பாள். எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. பக்கத்தில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்தபடி பார்ப்பேன். அவளாகவே சொல்வாள்: “இத செஞ்சவங்களே கழியெல்லாம் நட்டு வெச்சிட்டாங்க அண்ணி. வலைய மட்டும் நாம கட்டணும். அதான் ஃபிரேம்வொர்க்.” பத்தாவதோடு நின்ற எனக்கும் அது புரிந்தது. பச்சை முக்கோணத்தை அழுத்திச் செயலியை ஓடவிடும் வேலையைச் சில நாள் எனக்கே கொடுப்பாள்.

ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்ற முறையைப் பாடு என்போம். அதைக் கைப்பேசியில் காட்டும் செயலியைத்தான் அவள் கட்டினாள். ஓர் ஊரே பயன்படுத்துகிறது என்று காட்டினால் சென்னையில் வேலை கிடைக்கும் என்று நம்பினாள். வீடு வீடாகப் போய் முறையைக் கேட்டாள். எல்லாரும் சொன்னார்கள். ஊரில் சாவு விழுந்தால் யாரும் வலை கட்டமாட்டோம், அன்றைய பாடு துக்கம் முடியும்வரை உரியவருக்கே காத்து நிற்கும் என்பதை மட்டும் நான் உட்பட யாரும் சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

ஊர் அந்தச் செயலியைப் பார்த்து வலை கட்டத் தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் ஒரு பெரியவர் தவறினார். ஊர் நின்றது, செயலி நிற்கவில்லை. தேதியை எண்ணிக்கொண்டே போய், பாடு அடுத்த குடும்பத்துக்கு வந்துவிட்டதாகக் காட்டியது. துக்கம் முடிந்ததும் அவர்கள் போய் வலை கட்ட, உரியவர்களும் வந்து நிற்க, தண்ணீரிலேயே கைகலப்பு. வலை கிழிந்தது. அவள் அன்றைக்கே செயலியைத் திருத்தி, ஊர்த் தலைவரிடம் எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்க்காமலே, “சாவுக்கு நிக்கத் தெரியாத பொட்டி நமக்கு இன்னாத்துக்கும்மா?” என்றார். இப்போது அதற்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பும் வழியில், “ஒரு சாவ உட்டுட்டேன் அண்ணி” என்றாள். அதன்பிறகு அவள் லேப்டாப்பைத் திறக்கவேயில்லை.

இப்போது காலையில் இறால் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிப்போகிறது. சிரிக்கிறாள், தம்பியோடு மல்லுக்கு நிற்கிறாள். கம்ப்யூட்டர் பேச்சு மட்டும் இல்லை. போன வாரம் பரணைத் துடைக்கும்போது லேப்டாப் கைக்கு வந்தது. சார்ஜ் போட்டு, அதே ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். பச்சை முக்கோணத்தை அழுத்தினேன். ஓடியது. குடும்பங்களின் வரிசைக்குக் கீழே, ஊரில் யாரும் பார்த்திராத ஒரு பொத்தான்: ‘துக்கம்’. அழுத்தினேன். ‘எத்தனை நாள்?’ என்று கேட்டது.

சாயங்காலம் வேன் சத்தம் கேட்டபோதும் பதில் எழுதும் கட்டம் காலியாகவே இருந்தது; லேப்டாப்பை மூடாமல், அவள் கண்ணில் படும்படி விட்டுவிட்டு எழுந்தேன்.