பெரியப்பாவின் ரெக்கார்டும் மாப்பிள்ளையின் கேசட்டும்

பெருமாட்டியில் எங்கள் பெரியப்பா வீட்டில் பாட்டு கேட்கக் காசு வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். அவரிடம் இருந்த, மூன்று நிமிடம் ஓடும் ஒரே ரெக்கார்டுக்கு முன்னால், அதைக் கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி வாங்கிய கதையையும், பஸ்ஸில் கைக்குழந்தை போல மடியில் வைத்துக் கொண்டுவந்த கதையையும் முழுசாகக் கேட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் கால் கழுவ வேண்டும். ஊசி விழுந்த பிறகு இருமினால் அடுத்த வாரம் உள்ளே விடமாட்டார். வேறு வழி? சுற்றுவட்டாரத்தில் ரெக்கார்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சாயங்காலமானால் கூடம் நிறைந்துவிடும். அந்தக் கூட்டத்துக்காகவே மனுஷர் உயிரோடிருந்தார் என்றுகூடச் சொல்வேன்.

எழுபதுகளின் கடைசியில் என் அக்காள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கினார். அந்தப் பாட்டைக் கேசட்டில் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் பெரியப்பா நாயை அவிழ்த்து விட்டிருப்பார். கேட்டது வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

பிடித்தால் ரெக்கார்டில் பாட்டு குறைந்துபோகுமோ என்ற கவலை அவருக்கு. ஊசி ஓடும்போது நாங்கள் கிசுகிசுத்ததும் பொங்கிவிட்டார். "யாரும் மூச்சு உடாதீங்க. இது என்ற காசுல வாங்குன பாட்டு." பிடித்து முடிந்ததும், பாட்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறதா என்று மறுபடி போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். பாட்டு ஒரு சொட்டும் குறையவில்லை. குறைந்தது கூட்டம்தான்.

ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று வேலந்தாவளம் சந்தை வரைக்கும் பாட்டு போய்விட்டது. கால் கழுவாமல், கதை கேட்காமல், கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டோம். இருமிக்கொண்டும் கேட்டோம். பெரியப்பா கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் போகவில்லை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கும் ஜாதி நாங்கள்.

பிறகு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நம் பாட்டுதான் போட்டார்கள். பாடகி உச்சத்துக்குப் போகும் இடத்தில் மரத்துமேலிருந்து பெரியப்பா அதட்டினார், யாரும் மூச்சு விடக்கூடாதாம், அவர் காசில் வாங்கிய பாட்டாம். பந்தியில் இருந்தவர்கள் ராகம் மாறாமல் கூடவே சொன்னார்கள். அத்தனை பேருக்கும் மனப்பாடம். எனக்குப் பக்கத்து இலை பெரியப்பாவுடையது. அவரோ கையில் பிசைந்த சோற்றோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவியதும் நேராக மாப்பிள்ளையிடம் போனார். சண்டைதான் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்க மாப்ள, அந்தக் கேசட்டு எனக்கும் ஒண்ணு புடிச்சுக் குடுங்க."

அசல் ரெக்கார்டே வீட்டில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

"இருக்குது கண்ணு," என்றார். "அதுல நானில்லையே."