முந்திக்கொண்டு நீட்டிய கார்டு

டாலஸ் அருகே ஒரு துப்பாக்கிக் கடையில் நிற்கிறோம். நண்பன் செந்தில் ஆன்லைனில் வாங்கிய கைத்துப்பாக்கி, சட்டப்படி வீட்டுக்கு வராமல் இங்கே வந்திருக்கிறது. ஃபாரம் எழுதி முடித்துவிட்டான்; கடைக்கு உண்டான டிரான்ஸ்பர் ஃபீஸ் கட்டினால் கையில் தருவார்கள். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து அவன் மனைவிக்குத் தூக்கமில்லை.

அவன் பர்ஸை எடுக்கிறான். மூன்று நாளாக அவன் வீட்டில் சாப்பிடும் கூச்சம் எனக்கு.

"டேய், உள்ள வை. நான் பே பண்றேன்" என்று கார்டை நீட்டுகிறேன்.

கவுன்டர் அம்மாளின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "துப்பாக்கி யாருக்கு?"

"இவனுக்குத்தான். எங்க ஊர்ல பில்லுக்கு இப்படித்தான் அடிச்சுக்குவோம்."

"மன்னிச்சுக்கோ, ஹனி. பேர் ஒருத்தர், பணம் இன்னொருத்தர்னா வேற ஆளுக்காக வாங்கறதா சந்தேகம் வரும், அது குத்தம். இனி இவரே கட்டினாலும் இன்னிக்கு என்னால கொடுக்க முடியாது."

பெட்டி உள்ளே போகிறது.

"இன்னிக்கும் அவ தூங்க மாட்டா" என்கிறான் செந்தில், காரில்.

மதியம் ஓட்டலில் பில் வருகிறது. இருவர் கையும் அசையவில்லை.