பிளக்கில் தொங்கும் சிவப்பு அட்டை

மணவாள நகரிலிருந்து ஆய்வகத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது தேவராஜின் மனைவி மேரியின் அழைப்பு வந்தது. "அவரு போய்ட்டாரு மேடம். உங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும்னு சொல்லிக்கினே இருந்தாரு." ரயில் என்றுகூடப் பாராமல் அழுதேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தேவராஜோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் எலக்ட்ரீஷியன். எனக்கு, புராஸ்டேட் புற்றுநோயோடு எங்கள் ஆய்வுக்கு வந்தவர். உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வேறுபாடு, புற்றுநோய் அதைக் குலைக்கிறது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். "எல்லா ஷெட்லயும் ஒரே பேனல் போர்டு. எந்த சுவிட்சு ஆன்ல கீதுன்னு பாக்குறீங்க, அவ்ளோதானே?" என்றார்.

முதலில் எடுத்த புராஸ்டேட் திசு எங்களிடம் இருந்தது. நோய் எலும்புக்குப் பரவியபின் அங்கிருந்தும் ஒரு துணுக்கு வேண்டும். ஒப்பிட்டால்தான் என்ன மாறியது என்று தெரியும். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னேன். வலியைப் பொறுத்துக்கொண்டு கொடுத்தார். அதை நான்தான் பாழாக்கினேன். வேறொரு கருவியை மாட்டுவதற்காக துணுக்கை வைத்திருந்த உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரும்ப மாட்ட மறந்தேன்.

புதுவாயலில் அவர் வீட்டுக்கே போய் ஒப்புக்கொண்டேன். "இன்னாம்மா இது, அந்த ஊசிக்கு அவரு பட்ட பாடு தெரியுமா?" என்று மேரி பொரிந்தார். அதில் தப்பே இல்லை. அவரோ ஒன்றுதான் கேட்டார்: "டேக் மாட்டலியா மேடம்?"

உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். மின் லைனில் கை வைப்பவர், வேறு யாரும் தெரியாமல் ஆன் செய்துவிடாதபடி, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை சுவிட்சில் மாட்டுவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. சிகிச்சைக்காக மறுபடி எலும்பில் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டி வந்தபோது, எங்களுக்கும் ஒரு துணுக்கு எடுக்கச் சொன்னார். பிறகு ஆய்வகம் வரை நொண்டிக்கொண்டே வந்து, உறைபெட்டியின் பிளக்கில் தன் கையாலேயே ஓர் அட்டையை மாட்டினார். நோயாளியின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்றேன். "பேர் இல்லாத டேக்கை எவன் மதிப்பான்?" என்று சிரித்தார்.

இந்த முறை முடிவு கிடைத்தது. நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனை மருந்தால் நிறுத்தியிருந்தோம். எலும்பிலிருந்த புற்றுநோய்ச் செல்கள் அதைத் தாங்களே தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிட்டிருந்தன. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "மெயினை ஆஃப் பண்ணா உள்ளயே ஜெனரேட்டர் போட்டுக்கினு ஓடுதா? பலே கில்லாடி மேடம் அது!" தன்னைக் கொல்வதைக்கூட இப்படி வியக்கும் மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மேரி அழைத்த அன்று ஆய்வகம் போனதும் நேரே உறைபெட்டியிடம் போனேன். மீதித் துணுக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது; இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அதுவும் அந்த அட்டையும்தான். கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கை நீட்டினேன். அவருடைய கோணல் எழுத்து: "ஆள் வேலை செய்கிறார். தொடாதே. தேவராஜ்."

கையை எடுத்துக்கொண்டேன்.