மூணு மணிக்குக் கிறுக்குப் பிடிக்கும் மிஷின்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனிக்குள் நுழைந்து, "இது ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்டுவிட்டு, அடி வாங்காமல் வீடு திரும்புவதற்குப் பெயர்தான் ப்ராசஸ் எஞ்சினியர் உத்தியோகம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, முகத்தில் எல்லாம் தெரிந்த களை. உங்களில் யாராவது இந்த வேலையைப் பார்த்து நொந்திருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்தே அழுவோம். பார்க்காதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஓசூரில் காருக்கு பிஸ்டன் செய்யும் கம்பெனியில் இருந்தவள். என் வீட்டுக்காரர் சகாயம் கழுகுமலையில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. எங்கள் இல்லற வாழ்க்கையில் பாதியைப் பார்த்தது கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன்தான். டீ விற்கிறவர் கூட எங்களைப் பார்த்தால், "வந்தாச்சா, கெளம்பியாச்சா?" என்று விசாரிப்பார். இந்த லட்சணத்தில், கழுகுமலையிலிருந்து ஒரே பஸ்ஸில் தினமும் போய்வரக்கூடிய கோவில்பட்டியிலேயே ஒரு கடலைமிட்டாய் கம்பெனிக்கு எஞ்சினியர் தேவை என்று காதில் விழுந்தால் சும்மா இருப்பேனா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

பிஸ்டனும் பாகும்

கம்பெனி முதலாளி ராமசாமி அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு மிட்டாய். புதிதாக ஒரு பேக்கிங் மிஷின் வாங்கி இறக்கியிருந்தார். அது அவர் சொன்னபடி கேட்காமல் அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தது. "தீபாவளி ஆர்டர் பூரா இந்த மிஷின்லதான் போகணும். போச்சுன்னா நீங்க இங்கனயே இருக்கலாம். போகலன்னா மிஷினையும் வித்துப்புடுவேன், நீங்களும் ஓசூர் பஸ்ஸைப் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். மனுஷன் வளவளவென்று பேசுகிற ஆளே இல்லை.

நான் விடவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் அனுபவம் முழுவதையும் படம் போட்டுக் காட்டினேன். எவ்வளவு கழிவைக் குறைத்தேன், எந்த லைனை எப்படி மாற்றினேன், எந்த மேனேஜர் கைகொடுத்தார் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அண்ணாச்சி கன்னத்தில் கை வைத்துக் கடைசிப் படம் வரை பார்த்தார். அப்புறம் பைக்குள்ளிருந்த மிட்டாயை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சரி தாயி, அந்த பிஸ்டனை எவனாவது கடிச்சுப் பாத்துட்டு, பாகு முத்திப்போச்சுன்னு திருப்பி அனுப்பியிருக்கானா?"

ஸ்டாப்வாட்ச்சுக்கு ஒரு துண்டு

மிஷினைத் தொடுவதற்கு முன்னால் மற்ற வேலைகளைப் படிக்க வேண்டும் அல்லவா? பாகும் கடலையும் கலந்து பலகையில் கொட்டி, உருட்டிப் பரத்தி, ஆறுவதற்குள் வெட்டும் பகுதிக்குப் போனேன். அங்கே குருவம்மா அக்காதான் ராணி. அவர் கண்ணசைத்தால்தான் அந்தப் பகுதியில் ஈ பறக்கும். நான் அவர் பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினேன். அமுக்கிய மறு நொடி அவர் வேலையை நிறுத்தினார், சூடாக ஒரு துண்டை வெட்டினார், ஊதினார், என் கையில் கொடுத்தார், மறுபடி கை கழுவினார், அப்புறம்தான் வேலை. மிட்டாய் அடிக்கிற இடத்தில் ஒரு ஆள் வெறுங்கையோடு நிற்கக் கூடாதாம். அடுத்த பலகைக்குப் போனேன். அங்கேயும் ஒரு துண்டு. அதற்கடுத்த பலகையிலும்.

என் கணக்குப்படி, நான் பார்க்காதபோது சட்டென்று முடிகிற வேலை நான் பார்க்கும்போது இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. கடலை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். அங்கேயும் ஒருத்தி தட்டோடு வந்துவிட்டாள். சுடிதார் இறுக்க ஆரம்பித்துவிட்டது, உங்களுக்குச் சொன்னால் என்ன! கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, நான் இங்க இல்லாத மாதிரி நினைச்சுக்கோங்க" என்றேன். குருவம்மா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெனைக்கலாம் மேடம், ஆனா நீங்க அங்கன நின்னு எச்சி முழுங்குற சத்தம் இங்கன வரைக்கும் கேக்குதே!"

மிதிக்கக் கூடாத பாதை

எங்கள் உத்தியோகத்தில் மஞ்சள் பெயின்ட் என்றால் உயிர். தரையில் கோடு போட்டு, இது நடக்கிற பாதை, இது தட்டு வைக்கிற கட்டம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பாடம் படித்தவர்கள் நாங்கள். எலக்ட்ரீஷியன் மாரிச்சாமியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி முழுவதும் கோடு போட்டேன். அடடா, என்ன அழகு! ஓசூர்க்காரர்கள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சகாயத்துக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வந்து பார்த்தால், பாதை நெடுகக் கோலம். சுத்தமான தரை, இரண்டு பக்கமும் மஞ்சள் பார்டர் வேறு. சும்மா விடுவார்களா? புள்ளி வைத்து, சிக்குக் கோலம் போட்டு, நடுநடுவே செம்பருத்திப் பூ. கோலத்தை யாராவது மிதிப்பார்களா? அத்தனை பேரும் பாதையை விட்டு ஒதுங்கி, தட்டுகளைத் தாண்டித் தாண்டி நொண்டியாட்டம் ஆடிக்கொண்டு போனார்கள். நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தேன். டூல்ஸ் பெட்டியோடு ஒற்றைக் காலில் நின்றபடி மாரிச்சாமி சொன்னான்: "நல்லாப் போட்டிய மேடம் பாதை, கம்பெனியிலயே இப்ப நடக்கப்படாத எடம் அது ஒண்ணுதான்."

தலை இங்கே, கால் எங்கே?

சரி, இனி மிஷினுக்கு வருவோம். அது செய்கிற வேலை ரொம்ப லேசு. அண்ணாச்சியின் முழு உருவப் படம் அச்சடித்த உறை ரோலாக ஓடி வரும். ஒவ்வொரு உறையின் ஓரத்திலும் ஒரு கறுப்புக் குறி இருக்கும். சென்சார் அந்தக் குறியைப் பார்த்ததும் கத்தி வெட்டும். அவ்வளவுதான். காலையில் தங்கமாக ஓடும். மத்தியானம் மூணு மணி ஆனதும் கிறுக்குப் பிடித்துவிடும். குறியை விட்டுவிட்டு, உறை நடுவில் எங்கே தோணுதோ அங்கே ஒரே வெட்டு. ஒரு பாக்கெட்டில் அண்ணாச்சி படத்தின் தலை மட்டும். அடுத்த பாக்கெட்டில் வேட்டி மட்டும்.

நான் கரண்ட் வோல்டேஜைப் பார்த்தேன். மோட்டாரைப் பார்த்தேன். ரோலை மாற்றினேன். மாரிச்சாமி மிஷினைக் கழற்றி, பூட்டி, மறுபடியும் கழற்றினான். ஒரு நாள் வானம் மூடிக்கொண்டு மழைக் கோப்பாக இருந்தது. அன்றைக்கு மிஷின் சாயங்காலம் வரைக்கும் ஒரு வெட்டு பிசகவில்லை! நாங்கள்தான் சரி பண்ணிவிட்டோம் என்று குதித்தோம். மாரிச்சாமி கடம்பூர் போளி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தான். மறுநாள் சுள்ளென்று வெயில், மூணு மணிக்கு மறுபடியும் கிறுக்கு. போளி சாப்பிட்டவர்கள் எல்லாரும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

தீபாவளி நெருங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் சகாயம் பரண் மேலே இருந்த என் ஓசூர்ப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரே வீட்டில் சோறு தின்ன ஆரம்பித்திருக்கிறோம், அதைக் கெடுக்க ஒரு மிஷினா என்று அதன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த நேரம் பார்த்து கடம்பூர் கடைக்காரர் ஒருவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அண்ணாச்சி என் முன்னாலேயே ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணாச்சி, ஒம்ம தலை எங்க கடைக்கு வந்து சேந்துட்டு, மிச்ச ஒடம்பை எந்த ஊருக்கு அனுப்பியிருக்கீரு?"

வாழைக்கன்று

ஆயுத பூசை வந்தது. மிஷின்களை எல்லாம் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். பேக்கிங் மிஷினுக்கு இது தலைப் பூசை. அதனால் அதற்கு மட்டும் தனி மரியாதை, இரண்டு பக்கமும் நல்ல உயரமான வாழைக்கன்று. நான் வேதக்கார வீட்டுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு இதில் பெரிய பழக்கம் இல்லை. ஆனாலும் மற்ற எல்லாரையும் விடப் பயபக்தியோடு மிஷின் பக்கத்திலேயே நின்றேன். வேறு எதற்கு? குருவம்மா அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து சென்சார் மேல் ஒரு பொட்டு வைத்துவிடக் கூடாதே என்று காவல்! அவர் கை சென்சார் பக்கம் வரும்போதெல்லாம் நான் என் நெற்றியை நீட்டினேன். பூசை முடியும்போது என் நெற்றியில் இடமே இல்லை.

மறுநாள் மூணு மணி. மிஷின் ஓடியது. நாலு மணி. ஓடியது. மாரிச்சாமி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் மிஷினில் கை வைக்கவே இல்லை! ஊரே சாமி புண்ணியம் என்றது. எனக்கோ சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி. ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் ஓடுகிற மிஷின், ஏன் நிற்கிறது என்று தெரியாமல் நிற்கிற மிஷினை விட மோசம். என்னோடு நொந்தவர்களுக்கு இது புரியும்.

சில நாளில் வாழை வாடியது. இலை தொங்கியது. மூணு மணி ஆனதும் சரக், சரக், அண்ணாச்சியின் தலை தனி, வேட்டி தனி. நான் தலையில் கை வைத்து மேலே பார்த்தேன். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் தகடு. அது வழியாக இறங்கிய நம்ம கரிசல் வெயில், தட்டு அகலத்துக்கு, நேராக சென்சார் மேல் விழுந்துகொண்டிருந்தது. கண் கூசினால் அதற்குக் கறுப்புக் குறி எங்கே தெரியும்? இத்தனை நாள் வாழையிலை குடை பிடித்திருக்கிறது! "ஏலே மாரிச்சாமி!" என்று கத்திக்கொண்டு ஒரு மிட்டாய் அட்டையை எடுத்து சென்சாருக்கு மேலே பிடித்தேன். சரியாக ஓடியது. எடுத்தேன், கிறுக்கு. பிடித்தேன், ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடிக்காத குறை. கோலம், கோடு, பாதை எல்லாவற்றையும் மிதித்து ஆடினேன். கூட்டம் கூடிவிட்டது. குருவம்மா அக்கா மிஷினைத் தடவிக் கொடுத்தார். "இந்த வெயிலுக்கு நாமளே முந்தானையைத் தலையில போட்டுக்கிடுதோம், இது பாவம் யார்ட்டப் போயிச் சொல்லும்?"

தகரமும் வாழையும்

மாரிச்சாமி சென்சாருக்கு மேலே தகரத்தில் ஒரு சின்னக் கூரை அடித்துக் கொடுத்தான். மிஷின் அதற்கப்புறம் ஒரு வெட்டு கூடத் தப்பாக வெட்டவில்லை. தீபாவளி ஆர்டரின் கடைசி லாரியும், அண்ணாச்சியை முழு உருவமாகச் சுமந்துகொண்டு, கேட்டைத் தாண்டிப் போனது. சகாயத்துக்குப் போன் போட்டேன். "பெட்டியை மறுபடியும் பரண்ல ஏத்துங்க" என்றேன். அந்தப் பக்கம் பெட்டி தடாலென்று விழுந்த சத்தம்தான் பதில்.

மறுநாள் காலையில் வந்தால், தகரக் கூரைக்குப் பக்கத்தில் பச்சைப் பசேல் என்று புதிதாக இரண்டு வாழைக்கன்று. அண்ணாச்சியே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, வெயில்தான் காரணம்னு கண்டுபிடிச்சாச்சு. தகரமும் போட்டாச்சு. இனி வாழை எதுக்கு?" என்றேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பி, சட்டைப் பையிலிருந்த மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். "தகரம் வெயிலுக்கு தாயி, வாழை உங்களுக்கு. ஓசூர் பஸ்ஸு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காம இருக்கணும்லா?"

இப்போதெல்லாம் என் உத்தியோக அனுபவம் என்ன என்று யாராவது கேட்டால், ஓசூரில் பிஸ்டன், கோவில்பட்டியில் வாழையிலை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கழுகுமலை பஸ் போய்விடுமே என்று ஓடிவிடுகிறேன்.