மூன்று தடவை எழுதிய டயர்டு

எங்கள் தையல் ஆலையின் மருத்துவ அறையில் தரை துடைக்கிற அக்காவை எல்லாரும் டயர்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பேர். அதற்கு அவள் கோபித்துக்கொண்டதில்லை. நான் பக்கத்து அறையில் துணி வெளுக்கிறவள். கட்டில் விரிப்பு, டாக்டரின் கோட்டு, திரைத்துணி எல்லாம் என் கைக்குத்தான் வரும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான், அங்கே பேசுவது இங்கே கேட்கும். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன். அவளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனிதர், ஆனால் இங்கிலீஷ் மட்டும்தான். இரண்டும் தெரிந்த நர்ஸ் பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. அக்கா முன்பு ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் ஆறு வருஷம் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவள், கைப்பிடி அளவு இங்கிலீஷ் வைத்திருந்தாள். கொஞ்ச நாளைக்கு டாக்டர் பக்கத்தில் நில்லு என்று மேனேஜர் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் நாலு வருஷமாகிவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்பாள். சம்பளம் என்னவோ துடைப்பத்துக்கு மட்டும்தான்.

சாப்பாட்டு நேரம் அரை மணி. அதற்குள் முப்பது பேராவது வரிசையில் நிற்பார்கள். காய்ச்சல், வலி, இருமல், வாந்தி, இதற்கெல்லாம் அவளிடம் இங்கிலீஷ் இருந்தது. மிச்சமுள்ளதுக்கு டயர்டு. ஒருத்தி அசதியாக இருக்கிறது என்பாள். ஒருத்தி கைகால் ஓய்ந்து போச்சு என்பாள். அங்கேயும் வேலை இங்கேயும் வேலை, அலுத்துப்போச்சு என்பாள் இன்னொருத்தி. உட்கார்ந்தால் கண் சொருகுது என்பாள் அடுத்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா டாக்டர் பக்கம் திரும்பி "டயர்டு" என்பாள். அவரும் அப்படியே அவரவர் பேருக்குள்ள அட்டையில் எழுதிவிட்டு ஒரு சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார். பேர் வந்த கதை இதுதான்.

பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயசு ஆகியிருக்காது, காற்றில் ஆடுகிற துணி மாதிரி இருப்பாள். பட்டன்காரி என்போம். இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்தாள். மூன்றாம் தடவை அவள் போனபிறகு அக்கா அட்டையை அலமாரியில் வைக்கப் போனாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் அந்த ஒரு சொல்லின் உருவம் தெரியும், நாலு வருஷமாகப் பார்க்கிறாளே. அது மூன்று தேதிக்கு நேராக, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது.

அட்டையோடு என் அறைக்கு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவ மூணு தடவையும் வேற வேற மாதிரிதான் சொன்னா. நான் ஒண்ணையேதான் சொல்லியிருக்கேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக டாக்டர் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாமல் லீவும் கிடையாது, அங்கே சேர்க்கவும் மாட்டார்கள். டயர்டு என்பதற்கு எந்த டாக்டர் கடிதம் எழுதுவார்? அப்படி எழுதினால் ஆலையையே அல்லவா அனுப்ப வேண்டும். பட்டன்காரியின் முகம் போகிற போக்கு சரியில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தான் சொல்லிக்கொடுத்த சொல்லே அவளுக்குக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றும் தெரிந்துவிட்டது.

ஸ்டோர் கிளார்க்கின் மேஜையில், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குக் கீழே அதைப் போன்ற சொற்களையும் தமிழோடு போட்ட அகராதி ஒன்று உண்டு. மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். அவர் வாய் சும்மா இருக்காது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, டயர்டுக்கு இவ்வளவு சொந்தக்காரங்களா? கல்யாண வீட்டுல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்கிறாங்க" என்றார்.

ஒவ்வொன்றாக வாசித்தார். வீக் என்றால் பலமில்லாமல் இருப்பது. எக்ஸாஸ்டட் என்றால் உள்ளதெல்லாம் தீர்ந்துபோவது. ஸ்லீப்பி தூக்கக் கலக்கம். ஃபெயின்ட் மயக்கம் வருகிற மாதிரி. வியரி என்பது நாள்பட்ட களைப்பு, அது மனசிலும் இருக்குமாம். அக்கா ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆளை நிறுத்திப் பார்த்தாள். வீக் இஸ்திரி போடுகிறவள். ஸ்லீப்பி கைக்குழந்தைக்காரி. ஃபெட் அப் என்று ஒன்று வந்தது, வெறுத்துப்போவது. "அது நம்ம சூப்பர்வைசர் மூஞ்சியைப் பாத்தா எல்லாருக்கும் வர்றது" என்றாள். கிளார்க் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்துப்பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து அத்தனையையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் பட்டன்காரிக்கு எது என்று கேட்டேன். இரண்டு தடவை பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கே தெரியலையே. நான் அவளைக் கேட்டாத்தானே."

டீ நேரத்துக்கு மாடிப்படிப் பக்கம் போனோம். பட்டன்காரி முதல் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து பத்துப் படி ஏறினாள், மறுபடி உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் செய்கிறது என்று நிதானமாகக் கேட்டாள். படுத்தால் தண்ணீருக்குள் முங்கின மாதிரி இருக்கிறதாம், சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாளாம். சாயங்காலமானால் செருப்பு காலில் ஏறுவதில்லையாம். பட்டன் தைப்பது உட்கார்ந்த வேலை என்பதால் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, இதை ஏன் அங்க சொல்லல?"

"என்னமோ முடியலன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள டாக்டர் எழுத ஆரம்பிச்சிடறாரு. நீங்களும் கேக்கல அக்கா."

அக்கா எழுந்தாள். அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஈர விரிப்பைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பலகையில் ஒரு ஆணி ஓட்டை உண்டு, அதில் பார்த்தேன். டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார், நாலாம் தடவை எழுத. அக்கா அட்டைமேல் கையை வைத்தாள். பிளீச்சிங் பவுடரில் வெந்த கை. டாக்டர் நிமிர்ந்தார்.

"நோ டயர்டு, டாக்டர். டென் ஸ்டெப், சிட். டென் ஸ்டெப், சிட். நைட், நோ லை டவுன். சிட், ஸ்லீப். ஈவினிங், லெக் பிக்."

எழுதி வைத்த சொல் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. அந்த மருந்துப்பெட்டி அட்டை இடுப்பில் அப்படியே சொருகியிருந்தது. டாக்டர் பேனாவை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டன்காரியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நான் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டேன். அவருக்கு யாரும் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டாம். இந்த மனிதருக்கு விளங்க வேண்டும் அப்பா என்று மட்டும் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது டாக்டர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்ததாம். ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். இப்போது கீழ்த்தளத்தில் லேபிள் அடுக்குகிறாள். கடவுள் கண் திறந்தார்.

ஆனால் அக்காவுக்கு வேலை கூடிப்போனது. எப்போது, எதைச் செய்யும்போது, படுத்தால் எப்படி என்று ஒவ்வொருத்தியையும் கேட்கிறாள், டாக்டரும் காத்திருக்கிறார், வரிசை நகருவதில்லை. பின்னால் நிற்பவர்கள் திட்டுகிறார்கள். "அக்கா, என் மாமியார்கூட இத்தனை கேள்வி கேட்டதில்ல. டயர்டுன்னு சொல்லி மாத்திரையை வாங்கிக் குடு, சாப்பிடணும்" என்கிறாள் ஒருத்தி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

டாக்டர் போனபிறகு அக்கா அலமாரியைத் திறந்து பழைய அட்டைகளை எடுத்து வைத்துக்கொள்கிறாள். அந்தச் சொல் இருக்கிறதையெல்லாம் தனியாக வைத்து, அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கிறாள். நாலு வருஷத்து அட்டை. உன் தப்பு இல்லையம்மா என்று கிளார்க் சொல்லிப் பார்த்தார். "வாய் என்னோடதுதானே சார்" என்றாள்.

போன வாரம் நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அட்டையோடு வந்தாள். என் அட்டை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"அன்னைக்கு உனக்கு என்னடி செஞ்சுது?"

அது என் வீட்டுக்காரர் செத்துப்போன மாதம். வேலைக்கு வந்தாயிற்று, வீட்டுக்குப் போக மனசில்லாமல் இருந்த நாள். சொன்னேன். இடுப்பில் இருந்த மருந்துப்பெட்டி அட்டையை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மடித்தோம், கூடையில் இன்னும் பதினேழு விரிப்பு இருந்தது. அதை முடித்துவிட்டு என் அட்டையை, கேட்டு முடித்தவர்களின் அட்டைக் கட்டோடு சேர்த்து வைக்கப் போனாள்.